மடியில் தேக்சா, சுற்றிலும் தண்ணீர்

படகு கிளம்புவதற்கு முன்பே, சாகப்போகிறவன் சொல்கிற கலிமாவை நான் சொல்லி முடித்திருந்தேன்.

முழங்கால்கள் இரண்டுக்கும் நடுவே பிரியாணி தேக்சா. வயிறு பெருத்து வாய் சிறுத்த அந்தப் பாத்திரத்தின் மூடியைச் சுற்றி மைதா மாவு பூசி, தம் போட்டது போட்டபடியே துணியில் கட்டித் தூக்கி வந்திருந்தோம். அதன் சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதை விடவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா பாய், அதைப் போயி இப்படிக் கட்டிப் புடிச்சிக்கினு? கீழ வுடுங்க. எங்கயும் ஓடிடாது” என்றார் படகுக்காரர்.

“படகு சாஞ்சா பிடிச்சுக்க ஒண்ணு வேணுமில்ல?”

அவர் என்னையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “காலி தேக்சான்னா மெதக்கும் பாய். இது ரொம்பி இருக்குது. உங்களையும் இட்டுக்கினு அடிக்குப் பூடும்.”

கையை எடுத்துவிட்டேன்.

எதிர்ப் பலகையில் என் மனைவி மும்தாஜ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பக்கத்தில் என் மகள் நஸ்ரின். அவள் சிரிக்கவில்லை. தண்ணீரையும் பார்க்கவில்லை. நாங்கள் விட்டுவந்த படகுத்துறையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பெரிய மனிதர் வெள்ளைத் தொப்பியும் கைத்தடியுமாக, எங்களோடு வர மறுத்து, வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு என் மகளின் வாழ்க்கை முழுக்க அந்த வெள்ளைத் தொப்பிக்குள்தான் இருந்தது.

பயந்தவன் கதை

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். புதுச்சேரி நெல்லித்தோப்பில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருக்கிறேன். பயந்த சுபாவம். கடையைப் பூட்டி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். எதிர்க்கடைக்காரர், “இழுத்து இழுத்தே ஒரு நாள் பூட்டைப் பிச்சிடப் போறீங்க பாய்” என்றார். அன்றிலிருந்து அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு இந்தியப் பெருங்கடலில் ஏதோ ஒரு பிரெஞ்சுத் தீவில் சொந்தக்காரர்கள் உண்டு. அடிக்கடி போய்வருவார். “என்னோட ஒரு தடவ வாங்களேன் முஸ்யே. பஞ்சு மாதிரி மணல். உங்க கடையில உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும்” என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிடுவார். வீட்டில் வேலை இருக்கிறது என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தேன். கடைசியில் அவரே கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

கடற்கரைச் சாலைக்குப் போவேன். போகாமல் இருக்க முடியுமா? ஆனால் சாலையின் அந்தப் பக்கம், கட்டிடங்களை ஒட்டி நடப்பேன்.

படகில் ஏறும்போது தந்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை நான் உடனே போட்டுக்கொள்ளவில்லை. முதலில் அமுக்கிப் பார்த்தேன். தொழில் பழக்கம். உள்ளே இருந்த ஃபோம், அமுக்கினால் எழும்பவில்லை. என் கடைக்கு வந்திருந்தால் குழந்தைத் தலையணைக்குக்கூட வைக்க மாட்டேன். அதைப் போட்டுக்கொண்டு மேலே இன்னொன்றும் கேட்டேன். “ஆளுக்கு ஒண்ணுதான் பாய்” என்றார்கள்.

கை நனைக்காத விருந்தாளி

நஸ்ரின் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். அங்கேதான் இர்ஃபானும் வேலை பார்க்கிறான். ஆரணிப் பையன். அவர்கள் இருவரும் முடிவு செய்த பிறகு எங்களுக்குச் சொன்னார்கள். நாங்கள் சொந்தக்காரர்களிடம், நாங்கள் பார்த்து முடிவு செய்ததாகச் சொன்னோம். இந்தக் காலத்தில் இது ஒரு முறை.

பையனுக்குத் தகப்பன் இல்லை. அவனை வளர்த்தது அவன் அத்தாவின் அண்ணன், பெரியத்தா ரஹீம் பாய். ஆரணியில் அரிசி மண்டி வைத்திருக்கிறார். அவர் தலையசைத்தால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும்.

முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது தேநீர் மட்டும் குடித்தார்கள். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்கக் கூடாது. ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டால், வாயால் சொல்லாவிட்டாலும் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்ட பிறகு யாரும் பின்வாங்க முடியாது. அதனால் மும்தாஜ் செய்துவைத்த அத்தனையும் அடுப்படியிலேயே ஆறியது.

பேச்செல்லாம் நன்றாகத்தான் போனது. ரஹீம் பாய் எங்கள் ஜன்னலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “கடல் இங்கேருந்து எவ்ளோ தூரம்?” என்றார்.

வெளியூர்க்காரர் கடலைப் பற்றிக் கேட்டால் புதுச்சேரிக்காரனுக்கு மார்பு விரிந்துவிடும். அது என்னமோ நாங்களே தோண்டித் தண்ணீர் விட்டு வைத்த மாதிரி. நானும் விரித்தேன்.

“பக்கம்தாங்க. சாயங்காலமானா காத்து அப்படியே ஜிலுஜிலுன்னு வரும்.”

“அப்படியா” என்றார். “யோசிச்சுச் சொல்றோம்.”

அப்புறம் அவர் யோசித்தார், யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். நோன்பு வந்தது, பெருநாள் போனது, மழைக்காலமும் முடிந்தது. இர்ஃபான் கேட்டால், “பாக்கலாம்” என்பார். என்ன குறை என்று கேட்டால் அதற்கும், “பாக்கலாம்.”

நஸ்ரின் ஒரு நாள் என்னிடம் வந்து நின்றாள்.

“அத்தா, இது நடக்கலன்னா வேற இடம் பாக்காதீங்க. நான் அழுவ மாட்டேன். வேலைக்குப் போயிட்டு வருவேன், சாப்பிடுவேன், தூங்குவேன். ஆனா வேற இடம் வேணாம்.”

சொன்னபடியே இருந்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவள் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதில் பென்சில் முனை உடைந்தாலே தெருவைக் கூட்டுகிற பிள்ளை.

ஆறாம் வகுப்புப் பாடம்

இந்த நிலையில்தான் மும்தாஜுக்கு அந்த யோசனை வந்தது. அவளுக்கு மட்டும் வந்ததாகச் சொல்ல முடியாது. மாப்பிள்ளையின் அம்மாவும் அவளும் எங்கள் யாருக்கும் தெரியாமல் போனில் சிநேகிதமாகியிருந்தார்கள்.

“ஏங்க, நம்ம வீட்டுலதானே அவங்க கை நனைக்கக் கூடாது?”

“ஆமா.”

“தீவு நம்ம வீடா?”

கடலூர் சாலையில் அரியாங்குப்பம் தாண்டிப் போனால் ஒரு படகுத்துறை வரும். அங்கிருந்து ஆற்றில் கொஞ்ச நேரம் போனால், ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு மணல் பரப்பு. தென்னை ஓலைக் குடைகள், வெள்ளை மணல், நீலத் தண்ணீர். ஊரில் எல்லோரும் அதைத் தீவு என்றுதான் சொல்வார்கள். வெளியூரிலிருந்து யார் வந்தாலும், “தீவுக்குப் போனீங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர். போனதில்லை.

மும்தாஜின் திட்டம் இதுதான். ஊர் சுற்றிப் பார்க்க வந்த மாதிரி அவர்கள் வருவார்கள். தீவுக்குப் போவோம். அது யார் வீடும் இல்லை. நல்ல காற்று, நல்ல பசி. நடுவில் தேக்சாவைத் திறப்போம். அந்த வாசனையில் ரஹீம் பாய் தன்னை மறந்து ஒரு கை அள்ளிவிட்டால் அதற்கப்புறம் பேச்சு இல்லை. இடம் யாருடையதாக இருந்தாலும் சோறு பெண் வீட்டுச் சோறுதானே.

“படகுல போகணுமா?” என்றேன்.

“பின்ன? தீவுக்கு நடந்தா போவாங்க?”

இதில் எனக்கும் சந்தேகமில்லை. நான் ஆறாம் வகுப்பு பாதியில் படிப்பை நிறுத்தியவன். என் அத்தாவுக்குக் கடையில் கை தேவைப்பட்டது. எனக்கும் கணக்கு வாத்தியாரின் பிரம்பிலிருந்து தப்பிக்க வழி தேவைப்பட்டது. ஆனால் படித்த வரை ஒழுங்காகப் படித்தேன். நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன்.

துறையில் நின்றுபோனவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, உறவுக்காரர்கள் சிலர், முன் இருக்கையில் ரஹீம் பாய். படகுத்துறைக்கு வந்து இறங்கினோம். எல்லோரும் மளமளவென்று மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகில் ஏறினார்கள்.

ரஹீம் பாய் மட்டும் நின்றுவிட்டார்.

“நீங்க போயிட்டு வாங்க. எனக்கு முட்டி வலி.”

“கையைப் பிடிச்சு ஏத்தி விடறோம் பெரியத்தா” என்றான் இர்ஃபான்.

“வேணாம்பா. வேனைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமில்ல?”

“டிரைவர் இருக்காரே.”

“டிரைவரைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்.”

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. விருந்தாளியைத் தனியாக விட்டுப் போகலாமா? பெண்ணின் அத்தா கூட இருப்பதுதானே மரியாதை? நான் மிதவைச் சட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

“தேக்சாவை யார் பிடிச்சுக்கிறது?” என்றாள் மும்தாஜ். நாற்பது வீடுகளுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு உண்டு. அதை அவள் பயன்படுத்தவில்லை. கண்ணால்தான் சொன்னாள். முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டு ஏறினேன்.

அப்படித்தான், யாருக்காகப் பிரியாணி செய்தோமோ அவரைக் கரையில் விட்டுவிட்டுப் பிரியாணி மட்டும் படகில் போனது.

ஓலைக் குடைக்குக் கீழே பட்டினி

தீவு அழகாகத்தான் இருந்தது. படகிலிருந்து இறங்கி மணலில் கால் வைத்தவுடன் சுற்றிப் பார்த்தேன். பின்னால் ஆறு. முன்னால் கடல். இடது பக்கம் ஆறும் கடலும் சேருகிற இடம். மூன்று பக்கமும் தண்ணீர். வலது பக்கம் மணல் நீண்டுகொண்டே போய் சவுக்குத் தோப்பில் மறைந்தது. அந்தக் கடைசியிலும் தண்ணீர்தான் இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்க்கவில்லை. பார்த்த தண்ணீரே போதுமானதாக இருந்தது.

ஓலைக் குடைக்குக் கீழே ஜமுக்காளம் விரித்து நடுவில் தேக்சாவை வைத்தோம். சுற்றி உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரம் கடலைப் பாராட்டினோம். அப்புறம் காற்றை. அப்புறம் பாராட்ட எதுவுமில்லை. பசி வந்தது.

“நீங்க ஆரம்பிங்க” என்றாள் மும்தாஜ், மாப்பிள்ளையின் அம்மாவிடம்.

“பெரிய மச்சான் இல்லாம நாங்க எப்படி? அப்புறம் அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?” என்றார் அந்த அம்மா. “நீங்க சாப்பிடுங்க. எங்களுக்காகப் பாக்காதீங்க.”

“விருந்தாளி உக்காந்திருக்க நாங்க சாப்பிடறதா? என்னா பேச்சு பேசறீங்க!”

“அட, சாப்பிடுங்க!”

“நீங்க சாப்பிடுங்க!”

இப்படியே பந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தது. அவர்கள் சாப்பிட்டால் அது சம்மதம். சம்மதம் சொல்ல வேண்டியவர் அக்கரையில். நாங்கள் சாப்பிட்டால் அது மரியாதைக் கேடு. ஆகவே இரண்டு குடும்பங்கள், ஆட்டுக்கறி பிரியாணி ஒரு தேக்சா நிறைய நடுவில் இருக்க, ஞாயிற்றுக்கிழமை மதியம், எச்சில் விழுங்கிக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மாவு பூசிய விளிம்பில் எங்கோ ஒரு சின்ன விரிசல். அதன் வழியாகப் பட்டையும் கிராம்பும் புதினாவும் மெல்ல வெளியே வந்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டன.

இரண்டு நாய்கள் வந்து எங்களோடு உட்கார்ந்தன. அவையும் பொறுமையாகவே இருந்தன.

பக்கத்துக் குடையில் ஒரு குடும்பம் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தது. எங்கள் கூட்டத்தில் ஒருவர், “அவங்க நல்லா சாப்பிடறாங்கல்ல?” என்றார்.

“போன் பண்ணிக் கேட்டா என்ன?” என்றேன்.

“போன்ல கேட்டா ‘பாக்கலாம்’னுதான் சொல்வாரு” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “நேர்ல போய்க் கூட்டிக்கிட்டு வரணும் அண்ணே. பொண்ணோட அத்தா போய்க் கூப்பிட்டா மறுக்க மாட்டாரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாய்களும்தான்.

நான் நஸ்ரினைப் பார்த்தேன். அவள் மணலில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. “வேணாம்த்தா. நீங்க படகுல தனியா பயந்துடுவீங்க” என்றாள்.

அதைக் கேட்ட பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மிளகாய் பஜ்ஜி

திரும்பிப் போன படகில் நான் மட்டும்தான். படகுக்காரர் என்னைப் பார்த்து, “பாதுகாப்பு இல்லாம வர்றீங்களே பாய், தேக்சா எங்க?” என்றார். பலகையைப் பிடித்திருந்த கையைப் பிரிக்க, கரை வந்த பிறகு அவர் உதவ வேண்டியிருந்தது.

ரஹீம் பாய் வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போய் அவர் பக்கத்தில் விழுந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். பேசுவதற்கு முன் எனக்கு ஏதாவது உள்ளே போக வேண்டியிருந்தது. மிளகாய் பஜ்ஜி ஒரு தட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். நாகரிகத்துக்கு அவர் பக்கம் நீட்டினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

“ஏன் பாய் இப்படி வேர்த்திருக்கு உங்களுக்கு?” என்றார்.

“படகுங்க.”

“படகுக்கென்ன?”

“பயம்ங்க.”

அவர் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். “கடல் ஓரத்துக்காரரு, உங்களுக்குப் பயமா?”

“கடல் ஓரம்னா? எனக்குத் தண்ணியக் கண்டாலே ஆகாதுங்க. இன்னிக்குத்தான் மொத தடவ ஏறுனேன். இப்ப உங்களக் கூட்டிக்கிட்டுப் போவ திரும்ப ஏறணும்.”

“நீங்கதானே சொன்னீங்க? கடல் பக்கம்தான், காத்து ஜிலுஜிலுன்னு வரும்னு.”

அவர் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

“பாய்,” என்றார் மெதுவாக, “சுனாமி வந்தப்ப டிவியில பாத்தேன். அன்னியிலேருந்து எங்க வீட்டுக் கெணத்தைக்கூட எட்டிப் பாக்கறதில்ல. முட்டி வலியெல்லாம் சும்மா. இர்ஃபான் என் தம்பி புள்ள. தம்பி போறப்ப என் கையில குடுத்துட்டுப் போனது. கல்யாணம் கட்டி இந்த ஊர்லயே இருப்பேங்கறான். பொண்ணு தங்கமான பொண்ணு, எனக்குத் தெரியாதா? ஆனா அந்தப் புள்ளயக் கொண்டாந்து கடல் வாயில வெக்கச் சொல்றீங்களா? இதை வெளிய சொன்னா சிரிப்பாங்க. மண்டி வெச்சிருக்கிறவன், ஊர்ல நாலு பேருக்குப் பஞ்சாயத்து சொல்றவன். அதான் ‘பாக்கலாம், பாக்கலாம்’னு ஓட்டிக்கிட்டு இருந்தேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வருடம் பூரா ஜாதகம் மாதிரி நாங்கள் அலசிய குறை, என் வாயிலிருந்து வந்த ஜிலுஜிலு காற்று.

“ரஹீம் பாய், நான் ஒண்ணு சொல்லவா? நான் நெல்லித்தோப்புல வீடு வாங்குனதே அது கடலுக்குத் தள்ளி இருக்குன்னுதான். புரோக்கர் கடற்கரைப் பக்கம் மூணு வீடு காட்டுனாரு. ஒவ்வொரு வீட்டுலயும் எல்லாரும் ‘தண்ணி வருமா’ன்னு கேப்பாங்க. நான், ‘தண்ணி வராதுல்ல?’ன்னு கேட்டேன். அந்த ஆளு என்ன ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டாரு.”

ரஹீம் பாயின் தாடி லேசாக அசைந்தது.

“அப்ப காத்து வரும்னது?”

“ஃபேன் காத்துங்க. வெளியூர்க்காரங்க கேட்டா கடல் பக்கம்னுதான் எங்க வாயில வரும். ஊரே அப்படித்தான் சொல்லும். எங்க வீட்டு மொட்ட மாடியில ஏணி போட்டு ஏறுனாலும் கடல் தெரியாது. பாத்துட்டுத்தான் வாங்குனேன்.”

“ஏணி போட்டா?”

“ஏணி போட்டு. கீழ ரெண்டு பேரு புடிச்சிக்கிட்டாங்க.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. பெஞ்சும் சேர்ந்து ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். என் மிதவைச் சட்டையைப் பார்த்தார். நான் அதை இன்னும் கழற்றவில்லை.

“இப்படிப் பயந்துக்கிட்டா அந்தத் தண்ணியில திரும்ப வந்தீங்க?”

“புள்ளைக்காகங்க.”

அவர் கையை நீட்டி, என் தட்டிலிருந்து நான் பாதி கடித்து வைத்திருந்ததற்குப் பக்கத்துப் பஜ்ஜியை எடுத்து, பிஸ்மில்லா சொல்லி, வாயில் போட்டு மென்றார். காரம் ஏறியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னொன்றும் எடுத்தார்.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

“பாய்… நீங்க…”

“ஆமா, நனைச்சாச்சு” என்றார் ரஹீம் பாய். “சம்பந்தி, இன்னொரு தட்டு சொல்லுங்க.”

நாலாவது பக்கம்

சந்தோஷத்தில் எழுந்தவன் படகைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் அக்கரையில். போனில் சொல்லலாம். ஆனால் அந்தத் தேக்சாவை அவர் கையால் திறக்க வேண்டும் என்று அவருக்கே ஆசை வந்துவிட்டது. வாசனை இல்லாத தூரத்திலும் பிரியாணி வேலை செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இருவரும் தண்ணீரைப் பார்த்தோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“கண்ண மூடிக்கிட்டா?” என்றார் அவர்.

“மூடுனா இன்னும் ஆடுதுங்க.”

பஜ்ஜி அம்மா எண்ணெயில் கரண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார். “ஏன் சாமி, படகு புடிக்கலன்னா ஆட்டோவுல போறதுதான?”

“எங்க?”

“அக்கரைக்குத்தான். பூரணாங்குப்பம் வழியா ரோடு போவுதே. சவுக்குத் தோப்பாண்ட எறங்கி நடந்தீன்னா அந்த மணலுதான். எங்க ஊட்டு ஆளுங்க தெனம் சைக்கிள்ல போறாங்க.”

“அது தீவாச்சே!” என்றேன்.

“எவன் சொன்னது?”

ஊரே சொன்னது. நான் அதற்குப் பாடப்புத்தகத்தைச் சாட்சி வைத்திருந்தேன். மூன்று பக்கம் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதிக்கு வேறொரு பெயர் உண்டாம். அது தீபகற்பம். அது அடுத்த பாடமாம். அந்தப் பாடம் நடந்தபோது நான் கடையில் தலையணைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோ பிடித்தோம். மிதவைச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்து அதோடேயே ஏறிவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “ஆட்டோ அவ்ளோ மோசமில்ல பாய்” என்றார்.

சவுக்குத் தோப்பில் இறங்கி, நான் பார்க்காமல் விட்ட அந்த நாலாவது பக்கத்திலிருந்து நடந்து வந்தோம். எல்லோரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படகு வரும் ஆற்றுப் பக்கத்தை உஷாராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஏன் அவ்வளவு உஷாராக இருந்தார்கள் என்பது கிட்டே வந்ததும் தெரிந்தது.

தேக்சா திறந்திருந்தது. அத்தனை கைகளிலும் சோறு. நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு எலும்பு மென்றுகொண்டிருந்தன.

“யாரைக் கேட்டுக் கை நனைச்சீங்க?” என்றார் ரஹீம் பாய், பின்னாலிருந்து.

மாப்பிள்ளையின் அம்மா வாயில் கவளத்தோடு திரும்பினார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இர்ஃபான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மும்தாஜ்தான் முதலில் சமாளித்தாள்.

“மாவு காஞ்சு தானா வெடிச்சிடுச்சுங்க. அப்புறம் காக்கா வந்துது. காக்காவுக்கு ஒரு வாய் வெச்சோம். அப்புறம் உப்பு சரியா இருக்கான்னு…”

“இத்தனை பேரும் உப்புப் பாத்தீங்களா?”

நஸ்ரின் மட்டும் எதுவும் சாப்பிடவில்லை. தட்டு சுத்தமாக இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்துக்கு எதையும் மறைக்கத் தெரியாது. இருந்தும் அவள் நம்பவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கவளத்தை ஒருவழியாக விழுங்கிவிட்டு, கண்ணைச் சுருக்கி ரஹீம் பாயின் முகத்தைப் பார்த்தார்.

“பெரிய மச்சான், உங்க தாடியில என்ன?”

அவர் தடவிப் பார்த்தார். கடலை மாவுப் பொருக்கு ஒன்று விரலில் வந்தது.

“பஜ்ஜி” என்றார். கம்பீரமாகச் சொல்ல முயன்றார். “சம்பந்தி வாங்கிக் குடுத்தாரு.”

சம்பந்தி என்ற சொல் அந்த மணலில் விழுந்தது. ஒரு அலை வந்து போனது. அப்புறம் ஒரு சத்தம். பென்சில் முனை உடைந்தால் தெருவைக் கூட்டுமே, அந்தப் பழைய அழுகை. நஸ்ரின் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு, சிரிப்பும் சேர்த்து அழுதாள். இத்தனை மாதம் சேர்த்துவைத்தது எல்லாம் வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ரஹீம் பாய் பதறிப்போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, தேக்சாவுக்குள் எட்டிப் பார்த்தார். “பொண்ணு எதுக்கு அழுவுது? கறி தீந்துபோச்சா?”

இப்போதைய கவலை

சாயங்காலம் எல்லோரும் படகில் திரும்பினார்கள். நாங்கள் இருவரும் ஆட்டோவில். அந்த மிதவைச் சட்டையைத் துறையில் கொடுத்தபோது, “காணாம போயிட்டீங்களோன்னு பாத்தோம்” என்றார்கள். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ரஹீம் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஏணியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கலாம்.

மகளும் மாப்பிள்ளையும் தனி வீடு பார்த்துப் போயிருக்கிறார்கள். குருசுக்குப்பம் பக்கம். வாடகை தோது, விசாலமான வீடு என்றார்கள். போய்ப் பார்த்தேன். விசாலம்தான். ஏணி வேண்டாம், மாடி வேண்டாம். அடுப்படியில் நின்றாலே கடல் தெரிகிறது. படுத்தால் அலை காதுக்குள் வந்து படுத்துக்கொள்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை ரஹீம் பாய் அந்த வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறார். நான் கடையில் வேறு எந்த வேலையும் பார்க்காமல், அந்த வீட்டு ஜன்னல்களுக்கு இலவம்பஞ்சு வைத்துத் தடியாகத் திரை தைத்துக்கொண்டிருக்கிறேன். “அத்தனை திரை எதுக்குங்க? அவர் காதுலயே கொஞ்சம் பஞ்சு வெச்சு விட்டுடுங்க, வேலை சுலபம்” என்கிறாள் மும்தாஜ்.

நேற்று அவரே போன் செய்தார். சுகம் விசாரித்தார். மண்டி, மழை, முட்டி எல்லாம் பேசினார். கடைசியில், நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அதைக் கேட்டார்.

“சம்பந்தி, புள்ளைங்க வீட்டுக்கும் கடலுக்கும் எவ்ளோ தூரம்?”

ஊசியைத் திரையில் குத்தி நிறுத்திவிட்டு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டேன்.

“காத்துகூட வராதுங்க” என்றேன்.